ஆயா வீடும் அப்பத்தா வீடும்: பிரிந்த பெற்றோர் கோடை விடுமுறையில் செய்யும் தவறுகள்

விவாகரத்து ஆனது புருஷன் பெண்டாட்டிக்கு. செட்டிநாட்டுப் பிள்ளைக்கு ஆயா (அம்மாவின் அம்மா) வீடும் அப்பத்தா (அப்பாவின் அம்மா) வீடும் முன்போலவே இருக்கின்றன. பரீட்சை முடிந்ததும் எங்கே முதலில் போவது என்பதில்தான் சண்டை ஆரம்பிக்கிறது.

"லீவு விடட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது முதல் தவறு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே 1 அன்று சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் காரைக்குடிக்கு இடம் வேண்டுமானால், மார்ச் தொடக்கத்திலேயே டிக்கெட் போட வேண்டும். எனவே பிப்ரவரிக்குள் தேதி பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பில் 'பாதி விடுமுறை' என்று மட்டும் இருந்தால் எந்தப் பாதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்து திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவின்படி, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற உத்தரவைத் தீர்ப்புக்குப் பிறகும் மாற்றக் கேட்கலாம். ஆனால் மே மாதம் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை. கடைசி நேரத்தில் வக்கீலிடம் ஓடிப் பயனில்லை.

அடுத்த தவறு, பிள்ளையிடம் சொந்தக்காரர்கள் நடத்தும் விசாரணை. வளவு (வீட்டின் உள்முற்றம்) நிறையச் சொந்தம் கூடியிருக்கும் வீட்டில் அதற்கு ஆள் பஞ்சமே இல்லை. ஆயா வீட்டில் பணியாரத் தட்டை நீட்டிக்கொண்டே, "ஒங்க அப்பச்சி (அப்பா) புதுக் கார் வாங்கியிருக்காகளாமே?" என்பார்கள். அப்பத்தா வீட்டுக்குப் போனால், "ஒங்க ஆத்தா (அம்மா) வேலைக்குப் போறாளா?" எந்த வீட்டில் எந்தப் பதிலுக்கு முகம் மலரும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும். அப்புறம் இரண்டு பக்கமும் பொய்தான். இதைத் தடுக்க முன்னாள் மனைவி முன்னாள் மாமியாரிடம் பேசினால் தீ மூளும். அவரவர் வீட்டாரிடம் அவரவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளை வந்து இறங்குவதற்கு முன்பே.

அப்பாக்கள் அதிகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு மாதம் வேண்டும் என்று வாதாடி வாங்கிவிட்டு, பிள்ளையை அப்பத்தாவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவது. பாதி அறைகள் பூட்டிய பெரிய வீடு, வெளியே அக்கினி நட்சத்திர வெயில், கையில் போன். பிள்ளை பார்க்க வந்தது அப்பாவை, வீட்டின் ஆத்தங்குடி டைல்ஸ் தரையை அல்ல. ஒரு வாரம்தான் லீவு கிடைக்கும் என்றால் ஒரு வாரமே கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அம்மாக்கள் செய்வது போனில். "நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்றால், பிள்ளைக்கு அங்கே சிரித்ததே குற்றமாகத் தோன்றும். என்ன விளையாடினாய் என்று கேட்டுப் பத்து நிமிடத்தில் வைத்துவிடலாம்.

பணம் பற்றிச் சுருக்கமாக: பிள்ளை ஒரு மாதம் தன்னிடம் இருந்ததற்காக ஜீவனாம்சத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளக் கூடாது. பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை அனுப்ப மறுக்கவும் கூடாது. ஒன்றுக்கு மற்றொன்று பதிலடி ஆகாது.

திரும்பி வரும் பிள்ளையின் பையில் அப்பத்தா கொடுத்துவிட்ட தேன்குழல் டின் இருக்கும். அதைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டால் பிள்ளை கவனிக்கும். அன்றைக்கே திறந்து, நீங்களும் இரண்டு எடுத்துக் கடியுங்கள்.