அப்பா கடைசியாக ஒரு முறை போகணும் என்கிறாரா? கூடப் போகிறவர்களுக்கு

"கண்ணு தெரியும்போதே அந்த இடத்தை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடணும்" என்று வயதான அப்பா சொல்ல ஆரம்பித்துவிட்டால் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த லீவு என்பதெல்லாம் நம் கணக்கு.

மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். மருந்து, மருந்துச் சீட்டு இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், சில நாளுக்குக் கூடுதலாக. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், அதனால் நடுநடுவே இறக்கி நடக்க விடுங்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, போதாததற்கு அடிக்கடி கழிவறை தேட வேண்டுமே என்று தண்ணீரையே தவிர்ப்பார், ஆகவே கேட்டுக்கொண்டிருக்காமல் நீங்களே கையில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், அதுவும் காலையில். மறதி இருப்பவர்களுக்குப் பொழுது சாயும்போது குழப்பம் அதிகமாகும். தங்கும் அறையில் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

எங்கே போவது? சுற்றுலா இடங்களை விடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 30 வயது வரையிலான நினைவுகள்தான் வயதான பிறகும் தெளிவாக மேலே வரும், நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவர் முதல் வேலையில் சேர்ந்த நாளை மணிக்கணக்கில் சொல்வார். அந்த வயதில் அவர் புழங்கிய இடங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடித்துவிட்டார்களா என்று முன்கூட்டியே விசாரித்து அவரிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் நின்று அவர் திகைக்கக் கூடாது.

வருஷத்தையோ பெயரையோ தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேளுங்கள். இப்படிப் பழையதைக் கிளறுவது புத்தி தளர்ந்ததன் அடையாளம் என்றுதான் முன்பு பலர் நினைத்தார்கள், சாவு நெருங்குவதை உணர்ந்த மனம் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பு என்று 1963இல் எழுதினார் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். எல்லோருக்கும் அது நிம்மதியாக முடிவதில்லை, பழைய குற்ற உணர்ச்சியில் சிலர் உடைந்துபோவதும் உண்டு. அப்போது சமாதானம் சொல்ல அவசரப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

"இனிமே இங்க வரமாட்டேன்" என்பார். உடனே "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்று வாயடைத்துவிடுகிறோமே, அதுதான் கூடாது. "யாரையாவது பார்க்கணுமாப்பா?" என்று கேளுங்கள். பேச்சுவார்த்தை விட்டுப்போனவர் பெயரைச் சொன்னால், அந்தப் பக்கம் போன் பண்ணிச் சம்மதம் கேட்டபிறகு கூட்டிப்போங்கள். திடீர்ச் சந்திப்பு நாடகம் வேண்டாம்.

வழியிலோ வீடு திரும்பியதுமோ திடீரென்று ஆளே மாறியதுபோல உளறினால் பயண அசதி என்று விட்டுவிடாதீர்கள், நோய்த்தொற்றோ நீரிழப்போ காரணமாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.