மலைநாட்டுல ராஸ் மீன் வளக்கப் போறீங்களா, முதல்ல இதப் படிங்க

ராஸ்ங்கிறது (wrasse) உப்புத் தண்ணித் தொட்டில வளக்கிற கடல் மீன் வகை. அத வாங்க கடைக்குப் போறவங்க எல்லாரும் கலரத்தான் பாக்குறாங்க. நான் என்ன சொல்வேன்னா, அந்த மீன் ராத்திரி எங்க தூங்கும்னு முதல்ல கேளுங்க, ஏன்னா உங்க தொட்டி எப்படி இருக்கணும்ங்கிறத அதுதான் முடிவு பண்ணும். ஹாலிகோரஸ் வகை, லெப்பர்ட் ராஸ், கோரிஸ் இதெல்லாம் லைட் அணைஞ்சா மணலுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும், அதுக்கு நைசான மணல் ரெண்டு மூணு இஞ்ச் ஆழத்துக்கு வேணும். ஆத்து மணலோ ஒடச்ச சிப்பியோ போட்டா உடம்பு கீறிப்போகும், மீன் கடைல விக்கிற அரகோனைட் மணலே (கடல் தொட்டிக்குப் போடுற சுண்ணாம்பு மணல்) நல்லது. ஃபெயரி ராஸ், ஃபிளாஷர் ராஸ் ரெண்டுக்கும் மணல் தேவையில்ல, கல்லு இடுக்குல போய் சளியால ஒரு கூடு கட்டிக்கிட்டு படுத்துக்கும், காலைல அந்தச் சளி துண்டு துண்டா மிதந்தா நோய்னு பயந்து மருந்து ஊத்திராதீங்க. கல்லு வேணும்னு கடலுக்குப் போய் பவளக்கல்ல ஒடச்சுக்கிட்டு வர்ற வேலையும் வேணாம், நம்ம இலங்கைல அது சட்டப்படி குத்தம்.

எத வாங்குறது? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மஞ்சள் ஹாலிகோரஸ்தான் என் சாய்ஸ். 12 சென்டிமீட்டருக்குள்ள நிக்கும், பவளத்தத் தொடாது, நாலடித் தொட்டி போதும். ஃபிளாஷர் இன்னும் சின்னது, சாது, ஆனா முரட்டு மீனோட போட்டா வெளியவே வராது. சிக்ஸ் லைன் விரல் நீளந்தான், விலையும் கம்மி, ஆனா சின்னத் தொட்டில அதுதான் ரவுடி, பின்னாடி வர்ற மீன எல்லாம் தொரத்தும், அதனால அத கடைசியாப் போடுங்க இல்லாட்டி போடாதீங்க. மூன் ராஸ் நம்ம கடல்லயே இருக்கு, அழகுதான், ஆனா 25 சென்டிமீட்டர் வரைக்கும் வளந்து தொட்டில இருக்கிற இறாலையும் குட்டி மீனையும் தின்னுரும். கிளீனர் ராஸ யாரு கேட்டாலும் வேணாம்னுதான் சொல்வேன், மத்த மீனோட உடம்புல இருக்கிற ஒட்டுண்ணியத் தின்னு பொழைக்கிற சாதி அது, வீட்டுத் தொட்டில பெரும்பாலும் பட்டினிலதான் போகும். லெப்பர்டும் பழகினவங்களுக்குத்தான்.

இனி நம்ம ஊர் விஷயம். நெட்டுல இருக்கிற வீடியோ எல்லாம் தண்ணி சூடாகாம பாத்துக்கச் சொல்லும், கொழும்புக்காரனுக்கு அது சரி, நுவரெலியால ஜனவரி ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், தண்ணி 25 டிகிரில நிக்கணும்னா ஹீட்டருக்கு விடிய விடிய வேலைதான். 200 லிட்டர் தொட்டிக்கு 400 வாட்ல ஒண்ணு வாங்காம 200 வாட்ல ரெண்டு போடுங்க, ஒண்ணு செத்தாலும் மத்தது தாங்கும், ஒண்ணு அணையாம மாட்டிக்கிட்டாலும் மீன் வெந்துபோகாது. பின்பக்கம், ரெண்டு சைடு, அடி எல்லாத்துக்கும் ரெஜிஃபோம் (தெர்மோகோல்) ஒட்டிருங்க, கரண்ட் பில்லுலயே வித்தியாசம் தெரியும். லயத்து வீடா இருந்தா வயரிங் தாங்குமான்னு எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட காட்டிட்டு செய்யுங்க. குளிர் ரூம்ல சூட்டுத் தண்ணி சீக்கிரமா ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால கொறையிற அளவுக்கு தினமும் நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது. உப்பு அளக்கிற மீட்டர்ல அடர்த்தி 1.025 கிட்ட நிக்கட்டும்.

இன்னொண்ணு, இத யாரும் பெருசா பேசுறதில்ல. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர், அந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கம்மி, அதே 25 டிகிரி தண்ணில கரையக்கூடிய ஆக்சிஜனும் கொழும்ப விட சுமார் 20 சதவீதம் கம்மி. ராஸ் நாள் பூரா நீந்திக்கிட்டே இருக்கிற மீன், அதனால பம்ப் வாய மேல திருப்பி தண்ணிய நல்லா கலக்கி விடுங்க, தொட்டில மீன் எண்ணிக்கையையும் கொஞ்சம் கொறைச்சுக்கோங்க.

மூடி இல்லாத தொட்டில ராஸ் வேணவே வேணாம். பயந்தா குதிக்கும், திடீர்னு லைட் போனா குதிக்கும், நம்ம ஊர்ல கரண்ட் கட்டாகுறது யாரு கைல இருக்கு? கண்ணாடி மூடி போட்டா காத்து ஓடாது, வேர்த்து ஒழுகும். ஹார்ட்வேர் கடைல கிடைக்கிற கால் இஞ்ச் கண்ணு பிளாஸ்டிக் வலைய ஃபிரேம்ல இழுத்துக் கட்டுங்க, குழாய் போற ஓட்டையையும் விடாம அடைங்க, விரல் போற சந்துல ஃபிளாஷர் போயிரும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணும் கைவசம் இருக்கட்டும், கரண்ட் நீளமா போனா கம்பளியால தொட்டியச் சுத்திட்டு, சுடுதண்ணி போத்தல மூடி இறுக்கி மிதக்க விடலாம்.

மீன கடைல சாப்பிட வச்சுக் காட்டச் சொல்லுங்க, சாப்பிடாத மீன் வேணாம், வயிறு ஒட்டிப்போனதும் வேணாம். கொழும்புல இருந்து கொண்டு வர்றப்போ ரெஜிஃபோம் பெட்டில வச்சுக் கொண்டு வாங்க, கினிகத்தேன தாண்டினதுமே பையில தண்ணி குளிர ஆரம்பிச்சிரும். வந்ததும் பைய அரை மணி நேரம் தொட்டில மிதக்க விட்டு, அப்புறம் சொட்டு சொட்டா தொட்டித் தண்ணிய சேருங்க. தீனி கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, மைசிஸ், ஆர்டீமியா (ரெண்டும் மீன் தீனிக்கு விக்கிற இறால் மாதிரி குட்டி உயிரு), நைசா அரிஞ்ச இறால்.

மணல்ல தூங்குற ராஸ் விட்டதும் புதைஞ்சு ரெண்டு மூணு நாள் காணாமப் போகும். செத்துருச்சோன்னு மணலக் கிண்டாதீங்க, அதுவா வெளிய வரும்.