சிங்கப்பூர் சைட்ல சேஃப்டி சரியில்லையா? எம்ஓஎம்-க்கு சொல்ற விதமா சொல்லுங்க

சிங்கப்பூர்ல கன்ஸ்ட்ரக்‌ஷன், ஷிப்யார்டுனு வேலை பாக்குற நம்ம ஊர் ஆளுங்க அடிக்கடி கேக்குறது இதான், சைட்ல சேஃப்டி மோசமா இருக்கு, எம்ஓஎம்-க்கு (சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம்) சொன்னா ஏதாவது நடக்குமா இல்ல வொர்க் பர்மிட்ட கேன்சல் பண்ணி நம்மள ஊருக்கு ஏத்தி விட்ருவாங்களா. நடக்கும். ஆனா "எங்க சைட்ல சேஃப்டியே இல்ல சார்"னு ஒத்த வரி அனுப்புனா வர்ற அதிகாரி எதைப் பாப்பாரு சொல்லுங்க, சைட்டு பூரா சுத்திட்டு கண்ணுல பட்டத எழுதிட்டு போயிருவாரு, நீங்க பயந்த இடம் அப்படியே கிடக்கும்.

அதனால மொதல்ல உங்க வேலைக்கு ரூல் என்ன சொல்லுதுனு தெரிஞ்சுக்கங்க. ஒரு ஓரத்துல இருந்து ரெண்டு மீட்டருக்கு மேல விழ வாய்ப்பு இருந்தா அங்க தடுப்பு இருக்கணும். மூணு மீட்டருக்கு மேல விழுற மாதிரி வேலைன்னா பெர்மிட் டு வொர்க் (அந்த வேலைய செய்யலாம்னு சைட்ல எழுதிக் குடுக்குற அனுமதி, உங்க வொர்க் பர்மிட் இல்ல) இல்லாம ஏத்தவே கூடாது, அந்த பெர்மிட்டும் சும்மா ஆபீஸ்ல உக்காந்து சைன் போட்டதா இருக்கக் கூடாது. டேங்க், மேன்ஹோல் மாதிரி இடத்துல இறங்குறதுக்கு முன்னாடி கேஸ் செக் பண்ணணும், ஆக்ஸிஜன் 19.5-ல இருந்து 23.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், நீங்க உள்ள இருக்குற வரைக்கும் வெளிய ஒருத்தர் காவலுக்கு நிக்கணும். இதுல யாரும் "அஞ்சு நிமிஷ வேலைதான் தம்பி"னு சொன்னா கேக்காதீங்க, விஷவாயுவுக்கு அஞ்சு நிமிஷமெல்லாம் தேவையே இல்ல. வெயிலுக்கும் கணக்கு இருக்கு, டபிள்யூபிஜிடி (வெயில், ஈரப்பதம், காத்து எல்லாம் சேத்து அளக்குற சூடு) 32 டிகிரி தொட்டா வெளிய கனமான வேலை செய்றவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு குறைஞ்சது 10 நிமிஷம் ரெஸ்ட், 33 ஆச்சுன்னா 15 நிமிஷம். சேஃப்டி ஷூ, ஹார்னஸுக்கு சம்பளத்துல காசு புடிக்கிறதும் தப்புதான், நிறைய பேர் அது வழக்கம்னு நெனச்சுட்டு இருக்காங்க.

இப்ப கம்ப்ளெயின்ட் எழுதுறது. சைட் அட்ரஸ், மெயின் கான்ட்ராக்டர் பேரு (சைட் வாசல் கேட் பக்கத்துல போர்டுல இருக்கும்), எந்த பிளாக், எத்தனாவது மாடி, எந்த மூலை, எந்த தேதி எத்தன மணிக்கு, என்ன இல்ல, அங்க எத்தன பேர் வேலை பாக்குறாங்க. அவ்ளோதான். "7-வது மாடி லிஃப்ட் ஓட்டை பக்கம் தடுப்பு கழட்டி மூணு நாளா போடல, தினமும் காலைல 8-லிருந்து ரெண்டு பேர் அங்க நின்னு வேலை பாக்குறாங்க"னு எழுதுனா அதிகாரி நேரா அங்கதான் போவாரு. தேதி நேரம் ஏன் முக்கியம்னா, 2024 ஜூன்ல இருந்து கான்ட்ராக்ட் மதிப்பு 50 லட்சம் வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதுக்கு மேலயோ இருக்குற கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்ல கேமரா வைக்கணும்னு ரூல், நேரம் சொன்னா ரெக்கார்டிங்க எடுத்துப் பாக்கலாம், மாசக்கணக்கா லேட் பண்ணுனா அது இருக்குமோ என்னவோ. போட்டோ இருந்தா நல்லது, ஆனா போட்டோக்காக ஓரத்துல போய் நிக்காதீங்க, ஜூரோங் தீவு மாதிரி கேமராவே கூடாதுங்குற இடத்துல எடுத்து நீங்க மாட்டிக்காதீங்க, எழுதிக் குடுத்தாலே போதும்.

எம்ஓஎம் வெப்சைட்ல ரிப்போர்ட் பண்ணலாம், போன்னா 6438 5122. தமிழ்ல பேசி விளக்கணும்னா மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டர் 6536 2692, 24 மணி நேரமும் எடுப்பாங்க. ஆள் விழுந்துட்டா, உள்ள மயங்கிட்டா இதெல்லாம் இல்ல, மொதல்ல 995. மொட்டக் கடுதாசியா போடாம உங்க நம்பர் குடுங்கனுதான் நான் சொல்வேன், திரும்பக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாலே பாதி விஷயம் தெளிவாகிடும், சொன்னது யாருனு கம்பெனிக்கு சொல்ல மாட்டாங்க. இப்படி சொன்னதுக்காக வேலைய விட்டு எடுக்குறதோ எடுப்பேன்னு மிரட்டுறதோ 2006 வொர்க்பிளேஸ் சேஃப்டி சட்டத்துலயே குற்றம்.

அதிகாரி முன்னாடியே சொல்லிட்டு வரணும்னு இல்ல, நேரா உள்ள வரலாம், போட்டோ எடுக்கலாம், உங்கள தனியா விசாரிக்கலாம். சரி பண்ணுன்னு ஆர்டர் போடலாம், ஃபைன் போடலாம், ஆபத்து பெருசா இருந்தா வேலையையே நிறுத்தச் சொல்ற ஸ்டாப் வொர்க் ஆர்டர். கோர்ட்டுக்கு போனா பல ரூல் மீறலுக்கு அபராதம் 50,000 வெள்ளி வரைக்கும் ஏத்தியிருக்காங்க. ஆனா பாஸுங்க நிஜமா பயப்படுறது டீமெரிட் பாயிண்டுக்குத்தான் (ரூல் மீறுனா கம்பெனி பேருல ஏறுற கெட்ட மார்க்), 18 மாசத்துக்குள்ள 25 பாயிண்ட் சேந்தா கொஞ்ச காலத்துக்கு புதுசா வெளிநாட்டு ஆள் எடுக்கவே முடியாது, ஆள் இல்லாம கான்ட்ராக்ட எப்படி ஓட்டுறது.

ஸ்டாப் வொர்க் வந்தா கூட இருக்குறவனே "உன்னாலதான்டா ஓவர்டைம் போச்சு"னு திட்டுவான், அதுக்கும் தயாரா இருங்க. ஓவர்டைம் போகும்ங்குறது உண்மைதான். ஆனா வொர்க் பர்மிட் கண்டிஷன்படி வேலை இருந்தாலும் இல்லாட்டியும் மாசம் ஃபிக்ஸ் பண்ணுன சம்பளத்த முதலாளி குடுத்தே ஆகணும், அத கேளுங்க.

அடிபட்டுட்டா அது வேற ரூட்டு, ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க. ஒரு நாள் எம்சி (டாக்டர் குடுக்குற மெடிக்கல் லீவு சீட்டு) குடுத்தாலோ லைட் டியூட்டி எழுதுனாலோ கூட கம்பெனி எம்ஓஎம்-க்கு ரிப்போர்ட் பண்ணணும். ஆஸ்பத்திரில சேரலன்னா 14 நாள் வரைக்கும் எம்சிக்கு முழு சம்பளம், சேந்தா 60 நாள் வரைக்கும், அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, ஒரு வருஷம் வரைக்கும். இன்ஜுரி கிளெய்ம் விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்றணும். சூப்பர்வைசர் "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லு"னு சொன்னா சொல்லவே சொல்லாதீங்க, டாக்டர் எழுதுற அந்த மொத சீட்டுதான் பின்னாடி கேஸே. எம்சி, பில்லு, எக்ஸ்ரே எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து அப்பவே வீட்டுக்கும் ஒரு காப்பி வாட்ஸாப்ல அனுப்பிருங்க.