குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா? முதலில் நாள் கணக்கைப் பாருங்கள்

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இன்னும் ஆறு மாதம் போனால் வைத்தியம் தொடங்கிவிடும். சின்ன அத்தை மலைவேம்பு இலையை அரைத்துச் சாறு எடுத்து வைப்பார். பக்கத்து வீட்டு அக்கா ஏதோ லேகியம் கொண்டு வருவார். யூடியூபில் ஒருவர் ஒரே மண்டலத்தில் கரு நிற்கும் என்பார். இத்தனையும் அந்தப் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைக்கு யாரும் ஒரு டம்ளர் சாறு கொடுத்து நான் பார்த்ததில்லை.

நான் திருச்செங்கோடு பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கு நர்சம்மா. இயற்கையாகவே கரு நிற்க என்ன செய்யலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம், என்ன சாப்பிடுகிறாய் என்று நான் முதலில் கேட்பதில்லை. "போன மாதம் எந்தத் தேதியில் வந்தது கண்ணு? அதற்கு இரண்டு வாரம் கழித்து அவர் ஊரில் இருந்தாரா?" இதுதான் என் கேள்வி. இரண்டாவதற்குப் பலரும் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

நாள் கணக்கு

ஒரு சுற்றில் கரு நிற்க வாய்ப்புள்ள நாட்கள் சுமார் ஆறுதான். கருமுட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கணக்கில் வரும். அதிலும் கடைசி இரண்டு மூன்று நாட்கள்தான் நல்ல நாட்கள். முட்டை வந்து ஒரு நாள் தாண்டிவிட்டால் அந்த மாதம் அவ்வளவுதான்.

முட்டை எப்போது வரும்? அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால். ஆனால் எல்லோரும் போன மாதவிடாயிலிருந்து 14 நாள் எண்ணுகிறார்கள். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்கு அது சரியாகப் போகும். 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்கு 21ஆம் நாள் வாக்கில்தான் முட்டை வரும். அவள் 14ஆம் நாளைக் குறிவைத்துக்கொண்டிருந்தால் மாதாமாதம் ஒரு வாரம் முந்திக்கொண்டே இருப்பாள்.

எங்கள் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. தலைக்குக் குளித்த தேதியைத்தான் நிறையப் பேர் ஞாபகம் வைத்திருப்பார்கள். குளிப்பது மூன்றாம் நாள். உதிரம் பட்ட நாள்தான் முதல் நாள். இந்த இரண்டு நாள் வித்தியாசம் ஆறு நாள் கணக்கில் பெரிய வித்தியாசம்.

இதற்கு ஆப் எல்லாம் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் கொடுக்கிற மாத காலண்டர் போதும். சிலிண்டர் வந்த தேதி, பால் வராத நாள், சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் ஏற்கெனவே அதில் கிறுக்கியிருப்பீர்கள். அதோடு உதிரம் பட்ட நாளில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. மாமியார் கண்ணில் பட வேண்டாம் என்றால் பால் கணக்குக் கோடு மாதிரி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் குறித்த பிறகு ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையிலிருந்து 18ஐயும், மிக அதிகமானதிலிருந்து 11ஐயும் கழியுங்கள். குறைந்தது 27, கூடியது 32 என்றால் 9ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை உங்கள் நாட்கள். கொஞ்சம் அகலமான கணக்குதான், ஆனால் முட்டை வரும் நாள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

அதைக் குறுக்க உடம்பே ஓர் அடையாளம் கொடுக்கும். மாதவிடாய் முடிந்த சில நாட்கள் பிறப்புறுப்பு வறண்டிருக்கும். அப்புறம் பசை மாதிரி வெள்ளை படும். முட்டை வரும் நாள் நெருங்க நெருங்க அது தெளிந்து, வழுவழுப்பாகி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அறாமல் நீளும். விந்தணு நீந்திப் போவதற்காக உடம்பு போட்டுக் கொடுக்கும் வழி இது. இதைத்தான் "நர்சம்மா, வெள்ளை படுது, சூடா இருக்கும்போல" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். சூடு தணிய வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டுக் கணவனிடமிருந்து தள்ளிப் படுத்தும் இருப்பார்கள். நாற்றம், அரிப்பு, தயிர் போலத் திரிதிரியாக வருதல், பச்சை மஞ்சள் நிறம், இவை இருந்தால்தான் நோய். அப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும். மற்றபடி அந்த வழுவழுப்பு வந்த நாளை விடவே கூடாது.

மெடிக்கலில் ஓவுலேஷன் கிட் கிடைக்கும். சிறுநீர் விட்டுப் பார்ப்பது. அழுத்தமான கோடு வந்தால் அடுத்த ஒன்றரை நாளுக்குள் முட்டை வரலாம் என்று அர்த்தம். நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது பொய்க் கோடும் காட்டும், அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் உடல் சூட்டை அளந்து குறிக்கிற முறையும் உண்டு. முட்டை வந்து முடிந்த பிறகுதான் அது சொல்லும் என்பதால் நான் யாரையும் அதற்குப் பழக்கியதில்லை.

அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் போதும். தினமும் என்றாலும் கெடுதல் இல்லை. சேர்த்து வைத்து ஒரே நாளில் என்று பத்து நாள் விலகியிருப்பதுதான் வீண், தேங்கிய விந்தணுவின் ஓட்டம் குறையும். எந்த நிலையில் படுத்தால் நிற்கும், காலைச் சுவரில் தூக்கி வைக்க வேண்டுமா என்பதெல்லாம் தேவையற்ற கவலை. எழுந்ததும் கொஞ்சம் வழிந்து போவது எல்லோருக்கும் உள்ளதுதான். உள்ளே சோப்பு, டெட்டால் போட்டுக் கழுவாதீர்கள். எச்சிலும் சாதாரண ஜெல்லும் விந்தணுவின் வேகத்தைக் குறைக்கும்.

"இன்னிக்கு நாளு" என்று கணவனிடம் கட்டளை போடுவதும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தையிலேயே சில ஆண்களுக்கு எல்லாம் படுத்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று முறை சேர்வது வழக்கமாக இருந்தால் நாளே பார்க்க வேண்டியதில்லை.

ஆள் ஊரில் இல்லாவிட்டால்

எங்கள் ஊரில் நிறைய வீட்டு ஆண்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் போகிறவர்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போர் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் கிடப்பார்கள். வருவது பொங்கலுக்கும் வைகாசித் தேருக்கும். அந்த ஒரு வாரம் அவளுக்கு மாதவிடாய் வாரமாக இருந்தால் என்ன செய்வது? அப்படியே இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, மலடி என்று பெயரும் வாங்கிக்கொண்டு வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அவளிடம் குறை ஒன்றும் இல்லை, தேதிதான் சேரவில்லை.

அந்தக் கணவன்மாருக்கு நான் சொல்வது: தேரைப் பார்த்து லீவு போடாதே. அவளுக்கு உதிரம் பட்ட அன்று போன் வரட்டும், அன்றே முதலாளியிடம் சொல். சுற்று 28, 30 நாள் என்றால் 9ஆம் நாளுக்குள் வீட்டில் இரு, 18ஆம் நாள் வரை தங்கு. வளைகுடாவில் இருப்பவர்களும் டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பார்க்கலாம். லாரிக்காரர்கள், இரவு ஷிப்டுக்குப் போகும் மில் ஜோடிகள் என்று எல்லோருக்கும் இதே கணக்குதான்.

விரதமும் இப்படித்தான். ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் போய்விடும், அதில் ஒன்றிரண்டு சுற்று அடிபடும். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நட்டால் பதினைந்து நாள். தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு முன்னால் இன்னும் சில நாள். ஆடியில் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது வேறு. நான் சாமி கும்பிடுகிறவள்தான், திருக்கருகாவூர் நெய்யை வாங்கிச் சாப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயது 33, 34 ஆனவர்கள் இந்த ஒரு வருடம் மாலையைத் தள்ளி வைத்தால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாப்பிள்ளைக்கு மூன்று மாதம்

விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இன்றைக்குச் சிகரெட்டை விட்டால் அதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால் முயற்சி தொடங்குவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். பீடி, சிகரெட், உதட்டுக்குள் ஒதுக்குகிற புகையிலை, எல்லாமே விந்தணுவைக் கெடுக்கும். குடியும் அப்படித்தான்.

விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் உண்டு. உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். மடியில் லேப்டாப், இறுக்கமான ஜட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர்த் தொட்டிக் குளியல் இதையெல்லாம் தவிர்க்கலாம். வண்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள். டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்து போனாலும் சில மாதம் எண்ணிக்கை குறைந்திருக்கும், பயப்பட வேண்டாம், தானே சரியாகும்.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். பார்க்க ஆண்மை கூடினது போலிருக்கும், பரிசோதித்தால் எண்ணிக்கை பூஜ்யமாகக்கூட வரும். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வயிற்றுக்கு என்ன

ஒரு மாத்திரை மட்டும் கட்டாயம்: ஃபோலிக் ஆசிட், தினமும் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து, முடிந்தால் மூன்று மாதம் முன்பிருந்து. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய், கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்ளும். நாள் தள்ளிப்போய், பார்த்து, உறுதி செய்து, பிறகு மாத்திரை போடுவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் போய்விடும். சர்க்கரை நோயோ வலிப்போ இருந்தால், முன்பு தண்டுவடக் குறையோடு குழந்தை பிறந்திருந்தால், கூடுதல் அளவு தேவைப்படலாம், டாக்டர் எழுதித் தருவார்.

மற்றபடி இதைச் சாப்பிட்டால் கரு நிற்கும் என்று ஒரு பண்டமும் கிடையாது. கருப்பு உளுந்துக் களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, அதற்காகச் சாப்பிடுங்கள். நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு முட்டை சாப்பிடாமல் இருக்கலாமா? மலைவேம்புச் சாற்றுக்கு உறுதியான சான்று எதுவும் கிடையாது. சீட்டு ஒட்டாத டப்பாவில் வரும் பொடி, லேகியத்தைத் தொடவே வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டோ உலோகமோ இருந்தால் யாருக்குத் தெரியும்? சித்த மருத்துவம் பார்ப்பதானால் அரசு ஆஸ்பத்திரியின் சித்த பிரிவுக்குப் போங்கள்.

எடையில்தான் நிஜமான பலன் இருக்கிறது. நம் ஊர் உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை. பிசிஓஎஸ் உள்ள பெண் எண்பது கிலோ இருந்தால் அறுபதுக்கு வரவேண்டும் என்பதில்லை. நான்கு முதல் எட்டு கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்காகி முட்டை வர ஆரம்பிக்கும். காலையில் அரை மணி நேரம் வேகமான நடை, தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டு, டீயோடு பிஸ்கட்டை நிறுத்து, இவ்வளவுதான் நான் சொல்வது. மிகவும் ஒல்லியாக, 18.5க்குக் கீழே இருப்பவர்கள் எடை ஏற்ற வேண்டும், அவர்களுக்கும் முட்டை நின்றுபோகும். காபி ஒன்றிரண்டு கப்போடு சரி.

முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெடினாயின், சில வலிப்பு மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகள் கருவுக்கு ஆகாது. நீங்களாக நிறுத்தாதீர்கள், குழந்தைக்கு முயற்சி செய்வதைச் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே நாளில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடலாம். ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டால் முயற்சிக்கு முன் ஒரு மாதம் இடைவெளி விட வேண்டும்.

எப்போது டாக்டரிடம்

நாள் தவறாமல் முயன்றால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் நின்றுவிடும். 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் பாருங்கள். 35 தாண்டினால் ஆறு மாதம். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம். 21 நாளுக்குள்ளோ 35 நாளைத் தாண்டியோ மாதவிடாய் வருகிறவர்கள், படுக்க வைக்கும் வயிற்றுவலி உள்ளவர்கள், டிபி வந்து குணமானவர்கள், இரண்டு முறை கலைந்தவர்கள் இந்தக் கெடுவுக்குக் காத்திருக்காமல் போய்விட வேண்டும். சேரும்போது வலி தாங்காமல் இன்னும் சரியாகச் சேரவே இல்லை என்பவர்களும் போகலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டே வருடங்களைத் தொலைத்த ஜோடிகள் உண்டு, இதற்கும் வைத்தியம் இருக்கிறது.

போகும்போது இருவரும் போங்கள். பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், கருக்குழாய்ப் பரிசோதனை என்று அடுக்குமுன் விந்துப் பரிசோதனையை முடித்துவிடச் சொல்லுங்கள். செலவு குறைவு, வலி இல்லை, பாதி விடை அதிலேயே கிடைத்துவிடலாம். முந்தைய சேர்க்கையிலிருந்து இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் இடைவெளி விட்டு, பரிசோதனைக்கூடத்திலேயே கொடுப்பது நல்லது. விந்தணு எண்ணிக்கை மில்லி ஒன்றுக்கு 16 மில்லியனுக்கு (ஒரு கோடியே அறுபது லட்சம்) குறைந்தால் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவு. ஒரு முறை குறைவாக வந்ததும் இடிந்து உட்கார வேண்டாம். பழக்கங்களை மாற்றி மூன்று மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். பூஜ்யம் என்றே வந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரையோ ஆண்களுக்கான மருத்துவரையோ பார்த்துவிடுங்கள்.