பெரியவர்களின் மாத்திரை டப்பாவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் தாராவியில் எங்கள் மெடிக்கலுக்கு இரண்டு விதமான கூட்டம் வரும். ஒன்று மழைக் காய்ச்சல் கூட்டம். இன்னொன்று, பிள்ளைகளின் மே லீவுக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் போய்க் கோயில் கொடைத் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில், பெரியவர்களின் மாத்திரை டப்பாவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற மகனோ மருமகளோ கட்டாயம் இருப்பார்கள். அவர்களுடைய அக்கறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தலைமுறை எங்கெல்லாம் சறுக்கியதோ, அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காலாவதித் தேதி பார்ப்பது, பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடாமல் இருப்பது, ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாமல் இருப்பது எல்லாம் தெரிந்த சங்கதி. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊர் மாத்திரையும் பம்பாய் மாத்திரையும்

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி, இரண்டையும் போடுவது.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இங்கே ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். கொடைக்கு ஊருக்குப் போனபோது தலைசுற்றல் வந்து, அங்கே ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார். பழைய சீட்டு கையில் இல்லை. "என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டதற்கு, "காலையில ஒரு வெள்ள மாத்திரை" என்று சொல்லியிருக்கிறார். அவர் அதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? சர்க்கரையைப் பார்த்துத் தன் பங்குக்கு ஒன்றை எழுதிக் கொடுத்தார். பெரியவர் அதைக் கூடுதல் மாத்திரை என்று எடுத்துக்கொண்டார். பம்பாய் திரும்பிய பிறகும் தினமும் காலையில் இரண்டையும் போட்டிருக்கிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை விரதம். மாத்திரையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சட்டை நனைய வியர்த்தது, பேச்சு குழறியது. வீட்டில் புழுக்கம் என்று நினைத்து ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42. 70-க்குக் கீழே போனாலே குறைவு. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். சாயங்காலம் மறுபடி சரிந்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி, ராத்திரி முழுக்க குளுக்கோஸ். அங்கே கேட்டபோதும் "சுகர் மாத்திரை போடுறாங்க" என்று சொன்னார்களே தவிர, மாத்திரையை யாரும் எடுத்துப் போய்க் காட்டவில்லை.

அடுத்த வாரம் மருமகள் கடைக்கு வந்து இரண்டு காலி அட்டைகளைக் கவுன்டரில் வைத்தாள். "ரெண்டும் தீந்துட்டு அண்ணாச்சி, ஒவ்வொரு அட்டை குடுங்க." ஒன்று நீல எழுத்து, ஒன்று பச்சை எழுத்து. பெயர் வேறு, கம்பெனி வேறு. இரண்டையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினேன். இரண்டிலும் ஒன்றேதான்: கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

இதில் வினை செய்தது கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து அது. நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்று அது பார்க்காது. ஒரு நாள் வரைகூட உடம்பில் நின்று வேலை செய்யும். அதனால்தான் சர்க்கரைத் தண்ணீரில் ஒருமுறை தெளிந்தவர் மறுபடி விழுகிறார். இந்த வகை மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினால், தெளிந்த பிறகும் டாக்டரிடம் போக வேண்டும். நினைவு இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். அட்டெனொலால், மெட்டொப்ரொலால் மாதிரி பிரஷர் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்குக் கை நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் வியர்வைதான் காட்டிக் கொடுக்கும்.

சர்க்கரையில் மட்டும் நடப்பதில்லை இது. பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் இரண்டு பெயரில் போனால் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை வாங்க வருவார்கள். இன்னொரு பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டன் இரட்டிப்பானால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பாத்ரூமில் விழுவார்கள். மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, அதே மருந்தின் பிராண்டு அட்டையையும் விடாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மக்கள் மருந்தகத்து மாத்திரை நல்லதுதான், ஆனால் அது பழைய மாத்திரைக்குப் பதில் போடுவது, அதோடு சேர்த்து அல்ல.

தவிர்ப்பதற்குப் படிப்பு தேவையில்லை. டப்பாவில் இருக்கிற ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் நின்று கேளுங்கள். பெயரின் வாலையும் பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன் என்று 'சார்டன்' இரண்டு இருந்தாலோ, சர்க்கரை மாத்திரைகளில் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்று 'கிளிப்டின்' இரண்டு இருந்தாலோ அவை ஒரே வேலையைச் செய்கிறவை. சேர்த்துப் போடும் வழக்கம் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் 300 முக்கிய பிராண்டுகளுக்கு கியூஆர் குறியீடு கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது. பொடி எழுத்து தெரியாவிட்டால் அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர் வந்துவிடும். ஊருக்குக் கிளம்பும்போது அந்தத் தாள் பெரியவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆகாது. அதைச் செய்யாமல் ஒரு உயிரைப் பணயம் வைக்கிறோமே என்பதுதான் என் ஆத்திரம். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். எதை நிறுத்துவது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லட்டும்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு வலி மாத்திரை

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது மாதிரி வலிக்கிறது என்று வருவார்கள். கேட்பது டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென், இல்லையென்றால் "ஒரு செட் மாத்திரை". இந்தச் சீசனில் அந்த வலி டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மாத்திரைகளும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்தான். அதிலும் கணக்கு வேண்டும். டோலோ 650 ஒன்று, சளி மாத்திரை ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று போட்டால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கக்கூடும். ஆரோக்கியமான, வயதுவந்த ஒருவருக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சம். ஈரல் கோளாறு இருப்பவர்களும் தினமும் குடிப்பவர்களும் அதை நெருங்கவே கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் காய்ச்சல் வந்ததும் டாக்டரைக் கேளுங்கள்.

காலில் புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போங்கள். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டாக்ஸிசைக்கிளின் தருவதா என்று அங்கே பார்த்து முடிவு செய்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் அது ஆகாது என்பதால் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

சொட்டு மருந்தை சிரப் அளவில் கொடுப்பது

குழந்தைக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125 அல்லது 250 மில்லிகிராம். அக்கா பிள்ளைக்குக் கொடுத்த "5 மில்லி" கணக்கைக் கேட்டு வந்து, சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம், அதாவது சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, போதும். சமையலறை ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் சொட்டுக் குழாயும் மூடியும் அந்த மருந்துக்கு மட்டும்தான். இன்னொரு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்.

பிள்ளைகளின் காய்ச்சலுக்கு நிமுசுலைடு சிரப் கேட்டு இன்னமும் வருகிறார்கள். 12 வயதுக்குக் கீழே அதைக் கொடுப்பது 2011-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

இருமல் சிரப்பும் அப்படித்தான். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் பிள்ளைகள் செத்துப்போனார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதார இயக்குநரகம் அறிவித்தது. நான் தரமாட்டேன் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

ஓஆர்எஸ் பொடியை ஒரு டம்ளரில் கரைப்பது

பெரிய பாக்கெட் முழுவதும் 1 லிட்டருக்கு. கரைத்து 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

தைராய்டு மாத்திரையை டீயோடு விழுங்குவது

வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அரை மணி நேரம் கழித்துத்தான் டீ. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

இன்சுலினை ஐஸோடு ஒட்டி வைப்பது

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒரு பகல், ஒரு இரவு தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்று, இன்சுலினை ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் புதைத்து எடுத்துப் போவார்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. ஊரில் போய் ஊசி போட்டால் சர்க்கரை இறங்காது, காரணமும் புரியாது. ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி, ஊசி மருந்து அதன்மேல் நேரடியாகப் படாமல் வையுங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பேனா அல்லது பாட்டிலுக்கு ஃபிரிட்ஜே தேவையில்லை. பெரும்பாலான இன்சுலின் திறந்தபின் 4 வாரம் அறை வெப்பத்தில் தாங்கும். ஜன்னலோர வெயில் மட்டும் படக்கூடாது.

தேதி இருக்கும் பக்கத்தை முதலில் வெட்டுவது

அட்டையின் ஒரு முனையில்தான் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். மாத்திரையை மறுமுனையிலிருந்து பிய்த்து வாருங்கள். நாலு மாத்திரை மட்டும் வாங்கி, உங்களுக்கு வந்த துண்டில் தேதி இல்லையென்றால் பில் கேளுங்கள். அதில் இரண்டும் இருக்கும். பில்லை அந்தத் துண்டோடு ரப்பர் பேண்ட் போட்டு டப்பாவில் வையுங்கள்.