கோல்ஃப் ஆடுறவங்களுக்கு கிஃப்ட் வாங்குறப்போவும் ஆடுறப்போவும் நம்ம பண்ற தப்புங்க

பொறந்தநாள், கல்யாண நாள், ரிட்டயர்மென்ட்னு எது வந்தாலும், வீட்ல கோல்ஃப் ஆடுற ஆள் ஒருத்தர் இருந்தா எல்லாருக்கும் மொதல்ல தோணுறது ஒரு நல்ல டிரைவர், அதாவது ரொம்ப தூரம் அடிக்கிற நீளமான கிளப், வாங்கிக் குடுத்துடலாம்ங்கிறதுதான். பெரிய தலை, பளபளன்னு பெயின்ட், கடைக்குள்ள நுழைஞ்ச உடனே கண்ணுல படுறதும் அதுதான். ஆனா அந்த டிரைவர் மேல இருக்கிற கண்ணை எடுத்துட்டாலே கிஃப்ட் வாங்குறதுலயும் சரி, ஆட்டத்துலயும் சரி, பாதி தப்பு போயிடும்னு நான் முழுசா நம்புறேன்.

என் மச்சான் அமெரிக்கால இருந்து வர்றப்போ எனக்காக ஆசை ஆசையா ஒரு டிரைவர் தூக்கிட்டு வந்தார். 9 டிகிரி லாஃப்ட், ஸ்டிஃப் ஷாஃப்ட். லாஃப்ட்னா கிளப் முகத்தோட சாய்வு, அது கம்மியா இருந்தா பந்து தாழ்வா போகும். ஷாஃப்ட்னா கிளப்போட தண்டு, ஸ்டிஃப்னா அது வளையாம வெறைப்பா இருக்கும், வேகமா ஸ்விங் பண்றவங்களுக்கானது. என்னை மாதிரி நாப்பது வயசுக்கு மேல ஆட்டத்தை ஆரம்பிச்சவங்களுக்கு 10.5 இல்ல 12 டிகிரி, ரெகுலர் ஷாஃப்ட், இதுதான் பெரும்பாலும் ஒத்து வரும். நந்தனம் கோர்ஸ்ல மச்சான் குடுத்த டிரைவரை வச்சு அடிச்சா பந்து தாழ்வா கெளம்பி அப்படியே வலது பக்கம் மரத்துக்குள்ள போயிடும். அவர் அவ்வளவு காசு போட்டு, ஏர்போர்ட்ல பேக்கேஜுக்கு சண்டை போட்டு கொண்டு வந்தது, அதை வேணாம்னு சொல்ல மனசு வரல, ரெண்டு வருஷம் பைக்குள்ளயே சுமந்தேன். அதனாலதான் சொல்றேன், கிளப் வாங்கிக் குடுக்கணும்னு ஆசை இருந்தா சர்ப்ரைஸ் பண்ணாதீங்க, ஆளைக் கூட்டிட்டுப் போய் ஃபிட்டிங் பண்ண வச்சு அவர் ஸ்விங்குக்கு எது பொருந்துதோ அதுக்குக் காசு குடுங்க. இன்னொண்ணு, ரூல்படி பைக்குள்ள 14 கிளப்புதான் இருக்கலாம். நீங்க வாங்கிக் குடுக்கிறது பதினஞ்சாவதா இருந்து, போட்டியில அவர் மறந்து எடுத்துட்டுப் போனா, ஒரு ஹோலுக்கு ரெண்டு ஸ்ட்ரோக்னு ஒரு ரவுண்டுக்கு நாலு ஸ்ட்ரோக் வரைக்கும் பெனால்டி.

அடுத்து பந்து. டிவில பெரிய ஆட்டக்காரங்க ஆடுற யூரித்தேன் கவர் போட்ட பந்தை ஒரு டஜன் வாங்கிக் குடுக்கிறது ரொம்ப சகஜமா நடக்குது. அந்த பந்தோட அருமையே கிரீன், அதாவது ஹோல் இருக்கிற ஒட்ட வெட்டின புல்தரை, பக்கத்துல சின்ன ஷாட் அடிக்கிறப்போ நல்லா ஸ்பின் ஆகி நிக்கிறதுதான். புதுசா ஆடுறவர் ஒரு ரவுண்டுக்கு அஞ்சாறு பந்தை தண்ணியிலயும் புதர்லயும் விடுவார், விலை ஜாஸ்தியான பந்துன்னா தொலைச்சிடுவோமோங்கிற பயத்துலயே கையை இறுக்கிடுவார். அவருக்கு உள்ள ஒரு கரு, மேல ஒரு கவர்னு இருக்கிற சாதாரண டூ பீஸ் பந்துதான் சரி, மஞ்சக் கலர்ல வாங்கினா ரஃப்ல, அதாவது ஓரத்துல வளர்ந்த புல்லுல, தேடுறதும் சுலபம். 2019 ரூல் மாத்தத்துக்கு அப்புறம் தேட 3 நிமிஷம்தான், முன்னாடி 5 நிமிஷம் இருந்துச்சு.

கிளவுஸ் சின்ன விஷயம்னு நெனைப்பாங்க, அதுலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. வலது கை ஆட்டக்காரர் கிளவுஸ் போடுறது இடது கைல. கவர் மேல லெஃப்ட் ஹேண்ட்னு போட்டிருந்தா அது இடது கைல மாட்டுற கிளவுஸ், பெரும்பாலான வலது கை ஆட்டக்காரங்களுக்கு அதுதான் வேணும். இதைப் பார்த்து ஐயையோ இது லெஃப்டிக்கானதுன்னு வச்சுட்டு இன்னொண்ணை எடுத்துட்டு வந்துடுறாங்க. சைஸ்லயும் எம், எல் நடுவுல எம்எல்னு ஒண்ணு இருக்கு. கேடட்னு போட்டிருந்தா உள்ளங்கை அகலமா, விரல் குட்டையா இருக்கிறவங்களுக்கு. அவர் பழைய கிளவுஸை நைசா எடுத்துப் பாருங்க, சைஸ் அதுலயே இருக்கும். விரல் நுனில தோல் மடிஞ்சு தொங்குச்சுன்னா அது பெருசு. மெட்ராஸ் வெயில்ல ஒம்பது ஹோல் முடியறதுக்குள்ள கிளவுஸ் வேர்வைல ஊறிடும், அப்படியே சுருட்டி பைக்குள்ள போட்டா மறுநாள் அப்பளம் மாதிரி வெறைச்சுக் கெடக்கும். அதனால ஒண்ணு வாங்குறதுக்கு பதிலா ரெண்டு மூணா வாங்கிக் குடுங்க, மாத்தி மாத்திப் போடுவார், நிழல்ல விரிச்சுக் காய வைக்கலாம். இதைவிட நல்ல கிஃப்ட் இந்த விலைக்கு எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குறீங்கன்னா ஸ்லோப் ஆப்ஷனை ஆஃப் பண்ற வசதி இருக்கான்னு பாருங்க. தூரம் பார்க்கிறதை இப்போ ரூல் அனுமதிக்குது, தனியா லோக்கல் ரூல் போட்டுத் தடுத்தாத்தான் கூடாது, ஆனா மேடு பள்ளத்தைக் கணக்குப் பண்ணிச் சொல்றதை போட்டியில யூஸ் பண்ணக் கூடாது. ஊட்டி கோர்ஸ் மாதிரி ஏறி ஏறி இறங்குற இடத்துல ஃப்ரெண்ட்ஸோட ஆடுறப்போ அந்த ஸ்லோப் ரொம்ப உதவும், அங்க காத்தும் லேசு, பந்து கீழ ஊர்ல போறதைவிட தூரமாவே போகும்.

சரி, அப்போ என்னதான் குடுக்கிறதுன்னு கேட்டா, நான் மொதல்ல சொல்றது அஞ்சாறு கோச்சிங் கிளாஸ். ரெண்டாவது, அவரோட பழைய கிளப்புங்களுக்குப் புது கிரிப் போட்டுக் குடுக்கிறது. ரப்பர் தேஞ்சு வழவழன்னு ஆயிட்டா கை தானாவே இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு வேலை செய்யாது, பந்துல அடி விழாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு கேடி அண்ணன், கோல்ஃப் பையைத் தூக்கிட்டு கூட வர்றவர், ஒவ்வொரு ஹோலையும் ஆரம்பிக்கிற டீயிலயும் "சார், குருவியைப் புடிச்ச மாதிரி புடிங்க சார்"னு சொல்லிட்டே இருப்பார், கிரிப் மாத்தினப்புறம்தான் அவர் சொன்னது என் கைக்கே புரிஞ்சுது.

இப்போ ஆட்டத்துக்கு வர்றேன். பிராக்டிஸ் ரேஞ்சுக்குப் போய் ஒரு கூடை பந்து வாங்கி, அதுல முக்கால்வாசியை டிரைவர்லயே அடிச்சுத் தீர்த்துட்டு வீட்டுக்கு வர்ற பழக்கம் இருக்கே, அதுதான் பெரிய தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க. பார்னா நல்லா ஆடுறவர் முடிக்க வேண்டிய அடி எண்ணிக்கை, பட்னா கிரீன்ல ஹோலை நோக்கிப் பந்தை உருட்டுற அடி. பார் 72 கோர்ஸ்ல ஒரு ஹோலுக்கு ரெண்டு பட்னு வச்சுத்தான் பார் கணக்கு, 18 ஹோலுக்கு 36 பட், அதாவது பாதி ஷாட் கிரீன்லயே. டிரைவரைத் தொடுறது அதிகபட்சம் 14 தடவைதான், பார் 3 ஹோல்ல அதை எடுக்கவே மாட்டோம். பிராக்டிஸ் மட்டும் ஏன் தலைகீழா இருக்கணும்?

ஸ்லைஸ், அதாவது பந்து வலது பக்கம் வளையிறது, வர்றவங்க பண்றது ஒண்ணு இருக்கு, இதைப் பார்க்கிறப்பெல்லாம் ஓடிப்போய் சொல்லணும்னு தோணும். வலது பக்கம் பந்து வளைஞ்சு போகுதுன்னு, உடம்பை இன்னும் இடது பக்கம் திருப்பி நின்னு அடிப்பாங்க. பந்து கெளம்புற திசையைப் பெரும்பாலும் முடிவு பண்றது கிளப்போட முகம், அது வளையிறது முகத்துக்கும் ஸ்விங் பாதைக்கும் இருக்கிற வித்தியாசத்தால. இடது பக்கம் திரும்பி நின்னா பாதை இன்னும் இடது பக்கம் இழுக்கும், முகம் மட்டும் அதே மாதிரி தொறந்தே இருக்கும், வித்தியாசம் கூடும், ஸ்லைஸும் கூடும். மொதல்ல நேரா நில்லுங்க. ரெண்டு அலைன்மென்ட் குச்சி, இல்லன்னா ரெண்டு கிளப்பையே தரையில போட்டுக்கலாம், ஒண்ணு பந்து போற கோட்டுக்கு, ஒண்ணு கால் விரலுக்கு முன்னாடி, ரெண்டும் தண்டவாளம் மாதிரி இணையா இருக்கணும். அப்புறம் இடது கை கிரிப்பைப் பாருங்க, குனிஞ்சு பார்த்தா குறைஞ்சது ரெண்டு விரல் முட்டியாவது தெரியணும். ஒரு விரல் முட்டிதான் தெரியுதுன்னா முகம் தொறந்து வர்றதுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

அயர்ன்ங்கிற தட்டைத் தலை கிளப்புல பந்தைத் தூக்கி விடப் பார்க்கிறது இன்னொரு வியாதி. 7 அயர்ன் முகத்துலயே கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வு வச்சுத்தான் செய்யுறாங்க, தூக்குறது அதோட வேலை, நம்ம வேலை மொதல்ல பந்து, அப்புறம் புல்லுன்னு கீழ் நோக்கி அடிக்கிறது மட்டும்தான். டிவட், அதாவது கிளப் பட்டு புல் பேர்ந்த பள்ளம், பந்து இருந்த எடத்துக்குப் பின்னாடி விழுந்தா நீங்க தூக்கப் பார்த்திருக்கீங்கன்னு பெரும்பாலும் அர்த்தம், முன்னாடி விழுந்தா சரியா அடிச்சிருக்கீங்க. "தலையை ஆட்டாத, கீழயே பாரு"னு கூட ஆடுறவங்க சொல்ற அட்வைஸையும் ரொம்பப் பிடிச்சுக்காதீங்க, பந்து போன அப்புறமும் தலையைக் கீழயே அழுத்தி வச்சா உடம்பு திரும்பாது, முதுகுதான் வலிக்கும்.

பட்டிங்ல நம்ம ஆளுங்க கவனிக்கிறதெல்லாம் திசையைத்தான், ஆனா நீளமான பட்ல மூணு பட் ஆகுறதுக்கு வேகம் தப்புறதுதான் அதிகமா காரணம். 30 அடில இருந்து அடிக்கிறப்போ ஹோலைப் பார்க்காதீங்க, அதைச் சுத்தி ஒரு அண்டா வாய் அளவுக்கு வட்டம் இருக்குன்னு நெனைச்சு அதுக்குள்ள நிப்பாட்டப் பாருங்க. ஹோல் அகலம் 108 மில்லிமீட்டர், வீட்ல தரையில ஒரு சின்ன டம்ளரைப் படுக்க வச்சு மூணு அடில இருந்து தினமும் ஒரு இருபது பந்து உருட்டினா போதும், கோர்ஸ்ல ஹோல் பெருசாத் தெரியும். அப்புறம் கிரீன்ல உங்க பந்து விழுந்த பள்ளத்தை ரிப்பேர் டூல் வச்சு ஓரத்துல இருந்து உள்பக்கமா தள்ளி மூடிட்டுப் போங்க, அடியில குத்தி நெம்பினா வேர் அறுந்து அந்த எடம் பழுத்துப் போயிடும். இந்த டூல் விலை கம்மி, கிஃப்ட் பைக்குள்ள கூடவே ஒண்ணைப் போட்டுக் குடுங்க.

போன மாசம் மச்சான் போன்ல, அடுத்த தடவை வர்றேன், என்ன கொண்டு வரட்டும்னு கேட்டார். இந்தத் தடவை கூச்சப்படாம சொல்லிட்டேன், இடது கை கிளவுஸ், எம்எல் சைஸ், மூணு.