ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்தால் செயலிக்கு உடனே தெரிய

விண்டோஸ் செயலி தொடங்கும்போது கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷனை 4096 என்ற எண்ணுடன் (எஸ்எம்_ரிமோட்செஷன்) ஒருமுறை அழையுங்கள். பூஜ்யம் வராவிட்டால் அது ரிமோட் அமர்வு, அதாவது பயனர் வேறொரு கணினியிலிருந்து உள்ளே வந்திருக்கிறார். பிறகு, முதன்மை விண்டோவின் ஹேண்டிலை (அந்த விண்டோவை அடையாளம் காட்டும் மதிப்பு) கொடுத்து, அமர்வு மாற்ற அறிவிப்புக்குப் பதிவு செய்யும் டபிள்யூடிஎஸ்ரெஜிஸ்டர்செஷன்நோட்டிஃபிகேஷனை அழைத்துவிட்டு, 689 எண் மெசேஜுக்குக் காத்திருங்கள். அதன் டபிள்யூபாராம் (மெசேஜோடு வரும் மதிப்பு) 3 என்றால் ரிமோட் இணைப்பு வந்துவிட்டது, 4 என்றால் துண்டிக்கப்பட்டது, 1 என்றால் பயனர் கணினியின் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

தொடக்கச் சோதனை, அறிவிப்பு இரண்டுமே வேண்டும். அலுவலகத்தில் திறந்து வைத்த செயலியை, அதே பயனர் வீட்டிலிருந்து ரிமோட்டில் தொடரலாம். அப்போது செயலி புதிதாகத் தொடங்குவதில்லை, அமர்வு மட்டும்தான் இடம் மாறுகிறது. தொடக்கத்தில் மட்டும் சோதித்து விடையைச் சேமித்து வைத்தால், அது பழைய விடையாகவே நிற்கும். டைமர் போட்டு நொடிக்கு நொடி கேட்பதும் வீண்வேலை, விண்டோஸே சொல்லிவிடுகிறது. டாட்நெட்டில் எழுதுபவர்களுக்கு, அறிவிப்பைப் பெற சிஸ்டம்இவென்ட்ஸின் செஷன்ஸ்விட்ச் நிகழ்வே போதும். விண்டோ அழியும் முன் அறிவிப்புக்கான பதிவை நீக்க மறக்காதீர்கள்.

விஎன்சி, டீம்வியூவர் போன்ற திரைப்பகிர்வுக் கருவிகள் இதில் சிக்காது. அவை கன்சோல் அமர்வின் (கணினியின் முன் நேரில் இருப்பவரின் அமர்வு) திரையையே பகிர்வதால், விண்டோஸ் கணக்கில் பயனர் நேரில் இருப்பதாகவே தெரியும். சர்வீஸாக, அதாவது விண்டோ இல்லாமல் பின்னணியில் ஓடும் நிரலுக்கும் இந்த வழி வேண்டாம். அங்கே சர்வீஸ் ஹேண்ட்லருக்கே அமர்வு மாற்ற அறிவிப்பு வரும்படி கேட்டுப் பெறுங்கள்.